குதிரைகள் இருமிய மாசி

குதிரை இருமுவதை முதலில் கேட்டபோது, கொட்டிலுக்குள் யாரோ ஆள் நிற்கிறார் என்றுதான் நினைத்தேன். பீடி குடித்துப் பழகிய கிழவர் விடியற்காலையில் இருமுவாரே, அப்படி வறண்ட இருமல். விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஆள் யாரும் இல்லை. செவலை கழுத்தைத் தரைவரை நீட்டி நின்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் இன்னொரு தடவை இருமியது. மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கடலைக்காட்டில் வளர்ந்தவன். படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. யாரும் நிறுத்தவில்லை, நானே நின்றுகொண்டேன். பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறினால் அங்கிருந்து எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பதைத்தான் பள்ளிக்கூடத்தைவிட நன்றாகக் கற்றிருந்தேன். சந்தையில் மாடு ஏற்றி இறக்கினேன். செங்கல் சூளையில் இருந்தேன். மூணாறில் தேயிலைப் பெட்டி சுமந்தேன். எந்த இடத்திலும் ஒரு வருஷம் முழுசாக இருந்ததில்லை. பசி இருந்தது, படுக்க இடம் இல்லாமலும் இருந்தது, அதெல்லாம் எல்லோருக்கும் இருந்ததுதான்.

எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம் மூணாறுக்கு மேலே டாப் ஸ்டேஷனில் ஒரு சாயாக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். சுமையை இறக்கிவிட்டுக் குதிரையோடு ஒரு பெண் நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கீழே இருக்கிற வட்டவடை ஊர்க்காரி. குதிரை பிடித்துப் பழக்கம் உண்டா என்று கேட்டாள். மாடு பிடித்திருக்கிறேன் என்றேன். அதற்கும் நாலு கால்தானே என்று சொல்லிக் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள். அப்படித்தான் அந்த வீட்டுக்குப் போனேன். அவளை அக்கா என்றும் அவள் புருஷனை மாமா என்றும் கூப்பிட்டேன். மாமா மரம் வெட்டும்போது விழுந்து இடுப்பு போனவர். வீட்டுக்குள் நடப்பார், சரிவில் இறங்க முடியாது. அதனால்தான் குதிரைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

செவலை அக்காவின் குதிரை. கல்யாணத்துக்கு அவள் அண்ணன் சீராகக் கொடுத்த குட்டி, வளர்ந்து அந்த வீட்டையே சுமந்தது. நான் போனபோது சினையாக இருந்தது. வயிறு இரண்டு பக்கமும் சாக்கு கட்டியது போலத் தள்ளியிருக்கும். 'இதுவும் குட்டியும் நல்லா இருந்தா நாங்க நல்லா இருப்போம்' என்று மாமா ஒருநாள் சொன்னார். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்தக் காலத்தில் வட்டவடைக்கு வண்டி ஒழுங்காக வராது. ரோடு என்றால் டாப் ஸ்டேஷனோடு சரி. சனிக்கிழமை தோறும் வியாபாரியின் லாரி அங்கே வந்து நிற்கும். ஊரில் விளைகிற பூண்டு முழுக்கச் சோலைக்காட்டு ஏற்றத்தில் குதிரை மேல் போய் அந்த லாரியில் ஏற வேண்டும். திரும்பி வரும்போது உப்பும் அரிசியும் இறங்கும். எல்லா வீட்டிலும் குதிரை கிடையாது. குதிரை உள்ள வீடு குதிரை இல்லாத இரண்டு வீட்டுச் சுமையையும் சேர்த்து ஏற்ற வேண்டும். பதிலுக்கு அந்த வீட்டார் இவர்கள் வயலில் வந்து கொத்துவார்கள். இதைப் பார்த்து முறை வைக்க ஊரில் ஒரு பெரியவர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், குரல் மட்டும் இருபது. ஊரிலேயே பெரிய குதிரை, ஒரு சாம்பல் நிறக் குதிரை, அவருடையது. என் கொங்குப் பேச்சு அவருக்கு நல்ல வேடிக்கை. 'இவன் குதிரைகிட்ட நடங்க, நில்லுங்கன்னு சொல்றான்யா. அது வெக்கப்பட்டுக்கிட்டு நின்னுருது' என்று ஏற்றம் முழுக்கச் சொல்லிக்கொண்டே வருவார். நான் அப்படிச் சொன்னது உண்மைதான். வாயில் வந்துவிடும்.

மாசியில் செவலை இருமத் தொடங்கியதற்கு முந்தின சனிக்கிழமை, டாப் ஸ்டேஷனில் கொடைக்கானல் பக்கத்துக் குதிரைகள் சில நின்றிருந்தன. அவற்றில் ஒன்று இருமிக்கொண்டிருந்ததை நானும் பார்த்தேன். பக்கத்துப் பக்கத்தில் நின்றுதான் தண்ணீர் குடித்தன. அன்றைக்கு அது யாருக்கும் ஒரு விஷயமாகப் படவில்லை.

அக்கா செவலையின் காதைத் தொட்டுப் பார்த்தாள். அனலாக இருந்தது. தீனியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மனிதனுக்குச் சளி பிடித்தால் அந்த ஊரில் வேது பிடிப்பார்கள், அதாவது கொதிக்கிற மருந்துத் தண்ணீரின் ஆவியை மூச்சில் இழுப்பார்கள். குதிரைக்கும் அதே வைத்தியம். அக்கா கொள்ளுடன் மிளகும் ஓமமும் பூண்டும் போட்டு வேகவைத்தாள். ஆவி பறக்கப் பறக்க அதைக் கொள்ளுப்பையில் கொட்டினாள். குதிரையின் காதுக்குப் பின்னால் கட்டி மூஞ்சியில் மாட்டுகிற சாக்குப் பை அது. மூக்கு உள்ளே போய்விடும். மூச்சை இழுத்தால் ஆவி, வாயைத் திறந்தால் கொள்ளு. செவலை பைக்குள்ளேயே இருமியது, தும்மியது. பிறகு கொஞ்சம் தின்றது. அக்காவுக்கு முகம் தெளிந்தது.

அத்தோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. அந்த ஊரில் ஒரு வழக்கம். ஒரு வீட்டுக் குதிரைக்கு மருந்து காய்ச்சினால் ஊரிலுள்ள எல்லாக் குதிரைக்கும் அதில் ஒரு வாய் கொடுக்க வேண்டும். தனக்கு மட்டும் காய்ச்சிய மருந்து கேட்காது என்பார்கள். சீக்கு ஒரு வீட்டோடு நிற்காது என்று அனுபவத்தில் தெரிந்ததால்தான் அப்படி ஏற்பட்டிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அக்கா ஒரு வேலையைப் பாதியில் விடுகிறவள் இல்லை. காய்ச்சிய பானையை என் தலையில் ஏற்றினாள். பையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். வீடு வீடாகப் போனோம். ஒவ்வொரு கொட்டிலிலும் சூடாக ஓர் அகப்பை பையில் ஊற்றி மாட்டுவாள். அது ஆறியதும் கழற்றி அடுத்த வீட்டுக்குப் போவோம். எல்லோரும் அவளைப் பிரியமாக வரவேற்றார்கள். பெரியவர் சாம்பல் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொண்டு, 'தங்கச்சி கைப்பக்குவம்டா, ஒழுங்கா இழு' என்று அதனிடம் சொன்னார்.

அடுத்த வாரத்துக்குள் ஊர் முழுக்க இருமல். காலையில் எழுந்தால் எல்லாக் கொட்டிலிலிருந்தும் கேட்கும். ஒன்று தொடங்கினால் மற்றது பதில் சொல்வது போல இருக்கும்.

பெரியவர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பனிக்காலத்துச் சளி, ஏற்றத்தில் வேர்த்தால் இறங்கிவிடும் என்றார். பூண்டு பரண்களில் நிறைந்து கிடந்தது. மேகம் வேறு கூடிக்கொண்டிருந்தது. கோடைமழை பிடித்துக்கொண்டால் பூண்டு ஈரத்தில் முளைவிட்டுவிடும். அதனால் வருகிற சனிக்கிழமை இருக்கிற குதிரை எல்லாம் ஏற வேண்டும், ஒரு வீடும் முறை தவறக்கூடாது என்று சொல்லிவிட்டார். அக்கா கொட்டிலுக்குப் போய்ப் பார்த்தாள். செவலை நிற்கவே சிரமப்படுகிறது. இந்த வயிற்றோடு இரண்டு மூட்டையைக் கட்டி ஏற்றினால் தாயும் மிஞ்சாது, குட்டியும் மிஞ்சாது. மூணாறு மிருகாசுபத்திரிக்குப் போய்க் கேட்டுவா என்று என்னை அனுப்பினாள். எனக்கு மலையாளம் ஓரளவு வரும் என்பது காரணம். எங்கேயாவது போகச் சொன்னால் உடனே கிளம்பிவிடுவேன் என்பதும் அவளுக்குத் தெரியும்.

டாக்டர் என் வயதுக்காரர்தான். பசுவும் எஸ்டேட் நாய்களும்தான் தன்னிடம் வரும், குதிரையைப் படிக்கும்போது பார்த்ததோடு சரி என்று ஒளிக்காமல் சொன்னார். அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, காய்ச்சல் உண்டா, மூக்கில் வருவது தண்ணீரா சளியா, எல்லாம் ஒரே நேரத்தில் படுத்ததா என்று வரிசையாகக் கேட்டார். வைரஸ் என்ற சொல்லை நான் அங்கேதான் முதலில் கேட்டேன். கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்களா என்றேன். பூச்சி இதற்கு முன்னால் மலை என்றார். மனிதருக்கு வரும் ஃப்ளூ காய்ச்சல் போலக் குதிரைக்கும் ஒன்று உண்டு, இது அதுவாக இருக்கலாம், பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். இதைக் கொல்ல மருந்து கிடையாது. ஓய்வு ஒன்றுதான். காய்ச்சல் அடித்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாரமாவது சுமை ஏற்றாமல் நிறுத்திவைக்க வேண்டும். இருமலோடு ஏற்றத்தில் நடத்தினால் நெஞ்சில் சளி கட்டி, பிழைக்க வேண்டியதும் செத்துப்போகும். இருமும்போது காற்றிலேயே ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும். தண்ணீர்த் தொட்டி, தீனிப் பை, துடைக்கிற துணி எல்லாவற்றிலும் போகும்.

எங்கள் ஊரில் கொள்ளு வேகவைத்து எல்லாக் குதிரைக்கும் கொடுத்துவிட்டோம் என்று நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். பையைப் பற்றிச் சொன்னேன். அவர் புத்தகத்தை மூடினார்.

"ஒரே பையா?"

"ஒரே பைதானுங்க சார்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. யார் கொண்டுபோய்க் கொடுத்தது என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

"அவங்ககிட்ட மெல்ல சொல்லு, கேட்டோ" என்றார் தமிழும் மலையாளமும் கலந்து.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த மெல்ல எப்படி என்றுதான் யோசித்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா பூண்டைத் தாளோடு பின்னிக் கட்டிக்கொண்டிருந்தாள். மாமா பக்கத்தில் இருந்தார். முதலில் ஓய்வைப் பற்றிச் சொன்னேன். பிறகு காற்றிலும் போகும், கொடைக்கானல் குதிரையிலிருந்து வந்திருக்கும் என்றேன். கடைசியில் பையைச் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. கட்டிய கொத்தை அடுப்புக்கு மேலே மாட்டிவிட்டு, கொட்டிலுக்குப் போய்ப் பையை எடுத்து வந்தாள். வாசல் வெளிச்சத்தில் உள்பக்கம் வெளியே வரத் திருப்பினாள். கொள்ளுத் தோலும் சளியும் சேர்ந்து காய்ந்து சாக்கு அட்டை போல விறைத்திருந்தது.

"இதுக்குள்ளதான எல்லாம் மூக்கை விட்டுச்சு" என்றாள்.

இதை வெளியே சொல்ல வேண்டாம் என்றார் மாமா. அவர் பேச்சில் தந்திரம் எதுவும் இல்லை, பயம்தான் இருந்தது. நாளைக்கு ஒரு குதிரை செத்தால் ஊர் உன்னைத்தான் பார்க்கும், நீ சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்றார்.

"சொல்லலேன்னா நாளைக்கு எல்லாத்தையும் ஏத்திருவாங்க" என்றாள் அக்கா. செவலையை மட்டும் காப்பாற்ற வேறு வழி இருந்தது. சினை என்று சொல்லிக் கெஞ்சினால் பெரியவர் ஒருவேளை விட்டுவிடுவார். அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

பொழுது சாயும்போது கோயில் முன்னால் முறை சொல்லக் கூடுவார்கள். அக்கா பையைக் கையில் கொண்டு போனாள். நடந்ததைச் சொன்னாள். யார் மேலும் போடாமல், என் பையில்தான் போயிருக்கிறது என்றாள். குதிரைகளை ஏற்ற வேண்டாம், நிறுத்திவையுங்கள் என்றாள்.

பெரியவர் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "டாக்டர் குதிரையைப் பார்த்தாரா?"

"இல்லீங்க."

"பாக்காமலே சொல்லிட்டாரு. கைராசிக்காரரு."

சிரித்தார்கள். ஒருவர் எழுந்து, கொதிக்கக் கொதிக்கக் கொடுத்த கொள்ளில் சீக்கு எப்படி உயிரோடிருக்கும் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

"கொதிச்சது கொள்ளு. பை கொதிக்கலயே" என்றாள் அக்கா.

பிறகு பின்னாலிருந்து ஒரு குரல், அப்படியென்றால் ஊர்ச் சுமையை எல்லாம் அவளே சுமக்கட்டும் என்றது. நக்கல்தான். அக்கா திரும்பி அந்த ஆளைப் பார்த்தாள்.

"ஊர்ச் சுமை ஆகாது. எங்க குதிரை முறைச் சுமையை நான் சுமக்குறேன்."

சனிக்கிழமை காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி. அக்கா ஒரு மூட்டையை முதுகில் வைத்துப் பட்டைக்கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டாள். நான் ஒன்றைத் தூக்கினேன். எங்கள் முறையில் இருந்த குதிரையில்லாத இரண்டு வீட்டுக்காரர்களும் தங்கள் பூண்டைத் தாங்களே தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் கேட்கவில்லை. ஊரில் பாதிப் பேர் குதிரையைக் கொட்டிலிலேயே விட்டிருந்தார்கள், வெளியே சொல்லிக்கொள்ளாமல். மீதிப் பேர் ஏற்றினார்கள். பெரியவர் சாம்பல் குதிரையில் முழுச் சுமையும் கட்டி முன்னால் நடந்தார். என் நடையைக் கேலி செய்ய அன்று அவர் திரும்பவில்லை.

சோலைக்குள் மூன்றாவது வளைவு செங்குத்து. அங்கே சாம்பல் குதிரை நின்றுவிட்டது. நான்கு காலையும் அகட்டி, கழுத்தை நீட்டி நின்றது. விலா இரண்டும் துருத்தி போல அடித்தன. மூக்கிலிருந்து மஞ்சளாகக் கட்டியாக வடிந்தது. இருமக்கூட அதற்கு மூச்சு இல்லை. பெரியவர் நட என்றார். அது அசையவில்லை. அதன் நெற்றியில் கை வைத்தபடி நின்றார்.

அக்கா தன் மூட்டையை ஒரு பாறையில் சாய்த்துவிட்டுப் போய்க் குதிரையின் சுமைக்கயிற்றை அவிழ்த்தாள். ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் நான். மூட்டை இறங்கியதும் குதிரையின் உடம்பு நடுங்கியது. நேற்றைக்கே சொன்னேனே என்று கேட்க அக்காவுக்கு எல்லா உரிமையும் இருந்தது, கேட்கவில்லை.

"பட்டைக்கயிறு இன்னொண்ணு இருக்கா தங்கச்சி?" என்று கேட்டார் பெரியவர்.

இல்லை. தன் முந்தானைக்கு மேலே கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முறுக்கிக் கொடுத்தாள். ஒரு மூட்டையை அவர் தூக்கினார். பின்னால் வந்தவர்களும் தங்கள் குதிரைகளை நிறுத்திச் சுமையை இறக்கத் தொடங்கினார்கள். ஏற முடிந்தது ஏறியது, மீதி சோலை ஓரத்தில் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. லாரி பாதிச் சுமையோடு போயிற்று. அடுத்த வாரம் மழை பெய்து, விட்டுவந்ததில் கொஞ்சம் முளைத்தும் போயிற்று. சாம்பல் குதிரையை வெறும் முதுகோடு கீழே ஓட்டிக்கொண்டு வந்தது நான்தான். நடங்க, நில்லுங்க என்று சொல்லித்தான் ஓட்டினேன்.

அது அந்த வாரமே செத்தது. அதோடு இன்னொரு வீட்டுக் குட்டிக்குதிரையும். மற்றவை மெல்ல மெல்லத் தேறின. அக்கா குழி தோண்ட மண்வெட்டியோடு பெரியவர் வீட்டுக்குப் போனாள். வேண்டாம் என்று அவர் வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். அவள் தோண்டிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவர் வந்து எதிர்ப்பக்கம் இறங்கினார்.

"உன் பையில வந்துச்சோ, கொடைக்கானல் குதிரை விட்ட காத்துல வந்துச்சோ, யாரு கண்டா. சுமையை ஏத்துனது நானு" என்றார்.

அக்கா அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்குப் பிறகும் இருவரும் தோண்டினார்கள். குதிரைக்குழி என்பது ஆள் குழி மாதிரி இல்லை, வெகுநேரம் பிடிக்கும்.

செவலை நின்றுகொண்டே தேறியது. சுமை இல்லை, ஏற்றம் இல்லை. நான் புல் அறுத்துப் போட்டேன், அக்கா வெந்நீரில் மூக்கைத் துடைத்தாள். அதற்கென்று ஒரு துணி, அது அதற்கு மட்டும். முதலில் இருமல் ஈரமானது, பிறகு அடுத்தடுத்து வராமல் எப்போதாவது வந்தது, பிறகு ஒருநாள் காலையில் அதைக் கேட்காமலே எழுந்தேன். வயிறு மட்டும் கீழே கீழே இறங்கிக்கொண்டே வந்தது.

மருந்து பகிர்கிற வழக்கத்தை ஊர் விடவில்லை. வைகாசி கடைசியில் மழைக்குளிர் வந்தபோது, பிரசவம் நெருங்கிய செவலைக்கு வலுவுக்காக அக்கா கொள்ளு காய்ச்சினாள். காய்ச்சுகிறாள் என்று தெரிந்ததும் ஆட்கள் வந்தார்கள். ஆனால் இப்போது அவள் வீடு வீடாகப் போகவில்லை. அவரவர் பையோடு அவரவர் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். அக்கா அகப்பை பையில் படாமல் உயரத்திலிருந்து ஊற்றினாள். இப்படிச் செய்யச் சொல்லி யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை.

கடைசியாகப் பெரியவர் வந்தார். அவர் கையிலும் ஒரு பை இருந்தது. அவரிடம் குதிரை இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அக்கா ஒரு கணம் அவரைப் பார்த்தாள், பிறகு மற்றவர்களுக்கு ஊற்றியது போலவே அவருக்கும் ஊற்றினாள். அவர் வீட்டுப் பக்கம் திரும்பாமல் எங்கள் கொட்டிலை நோக்கி நடந்தார்.

"அண்ணே, அந்தப் பை..." என்றாள் அக்கா.

"நேத்துத்தான் தச்சேன் ஆத்தா. இன்னும் ஒரு மூக்கும் படல."

அக்கா வழி விட்டாள். அவர் பையைச் செவலையின் காதுக்குப் பின்னால் கட்டினார். அது மூச்சை இழுத்துத் தின்னத் தொடங்கியது. வயிற்றின் ஒரு பக்கம் உள்ளிருந்து முட்டியது. அவர் அங்கே கையை வைத்துக்கொண்டு, பை காலியாகும்வரை நின்றார்.